சிவனம்மாள் பாடிய புதன்கிழமை

சிவனம்மாளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இதை அவள் புருஷன் ஆண்டிச்சாமி கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்துவிட்டான். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்காருவாள். அவன் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் எழுந்து அடுப்பைப் பார்ப்பாள், மாட்டைப் பார்ப்பாள், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பாள். "ஏன்டி, காலுல சக்கரமா கட்டிவிட்டிருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவனுக்குத்தான் வாய் வலித்தது. வாயும் அவளுக்குக் காலைப் போலத்தான். களையெடுக்கும்போது பாடுவாள், நாற்று நடும்போது பாடுவாள், சாவு வீட்டில் அவள் ஒப்பாரி எடுத்தால் கடன்காரன்கூட உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் போவான்.

அப்பேர்ப்பட்டவளைக் கட்டிப்போட்டது ரேடியோ ஒன்றுதான். ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே இருக்கும் மேட்டுக்களம் என்ற அவள் ஊருக்குக் கரண்டு வந்த மறுவருஷம், பஞ்சாயத்தில் ஒரு ரேடியோ வாங்கி, நடுத்தெருவில் சின்னதாக ஒரு அறை கட்டி, கூரைமேல் குழாய் வைத்தார்கள். சாயங்காலம் மட்டும்தான் திறப்பார்கள். செய்தி, மார்க்கெட் நிலவரம், உரம் போடுவது எப்படி என்று ஒரே ஆம்பளைச் சமாச்சாரம். திருச்சி ரேடியோவில் புதன்கிழமை மத்தியானம் மாதர் நிகழ்ச்சி வருகிறது என்று திண்டுக்கல்லுக்குப் போய்வந்த யாரோ சொல்லிவிட, சிவனம்மாள் விடவில்லை. பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் வீட்டு வாசலில் தினமும் போய் நின்றாள். "பொம்பளைக வரி கட்டலையா? எங்க காது என்ன கல்லுலயா செஞ்சது?" என்று கேட்டாள். இந்தப் பீடை தொலைந்தால் போதும் என்று பிரசிடெண்ட் புதன்கிழமை மத்தியானமும் திறக்கச் சொல்லிவிட்டார். ரேடியோ அறைச் சாவி நல்லுசாமியிடம் இருந்தது. அவன் பஞ்சாயத்து வேலைக்காரன். சாவியை அரைஞாணில் கோத்து வைத்திருப்பான், குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டான்.

ஆனி மாதம் திருச்சியிலிருந்து ஒரு வேன் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பொம்பளைகள் பாட்டைப் பிடித்துக்கொண்டு போகிற வேன். மேட்டுக்களத்தில் யாரைக் கேட்டாலும் சிவனம்மாள் பேரைத்தான் சொல்லுவார்கள். சும்மாவா விட்டாள்? தாலாட்டு ஒன்று, நடவுப் பாட்டு ஒன்று, அலுக்காமல் பாடிக் கொடுத்தாள். வந்த அதிகாரி, "அம்மா, ஒப்பாரி ஒண்ணு பாடுங்களேன்" என்றார்.

"ஆத்தாடி! நல்லா இருக்க வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றீகளே, வெளங்குமா?"

ஆனாலும் ஆசை யாரை விட்டது? வீட்டில் பாடக்கூடாது, ஊருக்குள்ளேயே பாடக்கூடாது, அவ்வளவுதானே. வேனை ஊர் எல்லை தாண்டிப் புளியமரத்தடிக்கு ஓட்டச் சொன்னாள். அங்கே நின்று, செத்துப்போன தன் தாயை நினைத்து நெஞ்சு வெடிக்கப் பாடினாள். முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கித் தலைமுழுகி, ஈரச்சேலையோடு வீட்டுக்கு வந்தாள். எல்லாம் முறைப்படி. ஒப்பாரியை எல்லையிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று என்று நினைத்தாள். அது திருச்சிக்குப் போய், கம்பியில்லாமல் காற்றில் ஏறி, நடுத்தெருக் குழாய் வழியாகத் தன் வாசலுக்கே திரும்பி வரும் என்று யாருக்குத் தோன்றும்?

மூன்றில் ஒன்றைத்தான் போடுவோம், ஆவணி மூன்றாம் புதன்கிழமை கேளுங்கள் என்று வேன்காரர் சொல்லிவிட்டுப் போனார். தாலாட்டுத்தான் போடுவார்கள் என்று சிவனம்மாள் முடிவே செய்துவிட்டாள். அதனால்தான், அவள் மகள் சண்முகவள்ளிக்குக் கன்னிவாடியில் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் அதே புதன்கிழமை மத்தியானம் பரிசம் போட வருகிறோம் என்று சொல்லியனுப்பியபோது, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சம்பந்தக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே ரேடியோவில் பொண்ணோட ஆத்தா பாடுவாள். இந்தக் கொடுப்பினை யாருக்கு வாய்க்கும்?

புதன்கிழமை காலையில் நல்லுசாமி பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

"அக்கா, இன்னைக்கு என்னென்ன நிகழ்ச்சின்னு காலையிலேயே ரெட்டியார்சத்திரத்து டீக்கடை ரேடியோவுல வாசிச்சாங்க. ஒம் பேரு வந்துச்சு! மேட்டுக்களம் சிவனம்மாள் பாடும் ஒப்பாரின்னு சொன்னாங்க!"

சிவனம்மாள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது.

மாப்பிள்ளையின் தாய் பழனியம்மாள் எப்பேர்ப்பட்டவள் என்று ஊருக்கே தெரியும். நத்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பேசிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தது என்று சொல்லி அப்படியே எழுந்து வந்தவள். பரிசத்தட்டு முன்னால் இருக்க, வாசலில் ஒப்பாரி கேட்டால் அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறிவிடுவாள். சண்முகவள்ளியோ வாயில்லாப் பூச்சி, தனக்கென்று ஒரு ரிப்பன்கூடக் கேட்டறியாதவள். அவளே இந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, இந்த எடத்த விட்றாதீக" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

சரி, ரேடியோவைத் திறக்காதே என்று நல்லுசாமியிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. அவள் குரலை அவள் கேட்டதே இல்லை. ஊரெல்லாம் கேட்டு அழுத குரல் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெளியே நின்று கேட்க வேண்டும். அவர்கள் வருவதற்கு முன்னால் வந்துவிட்டால்? போன பின்னால் வந்தால்? இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ராகுகாலம் கழிந்ததும் வில்வண்டி வந்துவிட்டது. பழனியம்மாளும் நாலைந்து பொம்பளைகளும் இறங்கினார்கள். சிவனம்மாள் வாசலுக்கு ஓடி, "வாங்க மதினி, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் பொன்னுத்துரை மட்டும் வரவில்லை. பரிசச்சேலை எடுக்கக் காலையிலேயே திண்டுக்கல்லுக்குப் போனவர், அங்கிருந்து நேரே பஸ்ஸில் வருவார் என்றாள் பழனியம்மாள். சேலையும் அவரும் வந்தால்தான் தட்டு மாற்ற முடியும்.

அந்த நேரம் பார்த்து நடுத்தெருக் குழாய் கரகரவென்று கனைத்தது. நல்லுசாமி வழக்கம்போல அறையைத் திறந்து, ரேடியோவைப் போட்டு, பூட்டிவிட்டு, விருந்துக்கு வாழையிலை நறுக்க சிவனம்மாள் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டான். ரேடியோ அறைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் மூக்காயி வீடு ஒன்றுதான். குழாய் இந்தப் பக்கம் பார்த்து இருந்தது. காது கேட்காதவர்களுக்கும் கேட்கும்.

முதலில் இரண்டு பொம்பளைகள் ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். மழை வருமா வராதா, பண்டிகைக்கு என்ன பட்சணம் என்று பேச்சும் சிரிப்புமாகப் போனது. பழனியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு, "ரேடியோக்காரிகளுக்கு வேற சோலி இல்ல போலருக்கு" என்றாள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்து, பால்குடி மறக்காத பிள்ளைக்கு எந்த மாசம் என்ன கஞ்சி கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். சிவனம்மாள் உள்ளே போனாள், வெளியே வந்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள், கொடுத்த மோரையே மறுபடி வேண்டுமா என்று கேட்டாள். ஆண்டிச்சாமி அவளை அடுப்படியில் மடக்கினான்.

"என்னடி, சூடு பட்ட பூனையாட்டம் அலையுற?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸக் காணமேன்னு பாக்குறேன்."

அவனுக்கு ஒப்பாரி விஷயம் தெரியாது. சொன்னால் அவனே ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கிவிடுவான்.

டாக்டரம்மா போய் பீட்ரூட் அல்வா வந்தது. பீட்ரூட்டைத் துருவி, நெய்யில் வதக்கி, ஏலக்காய் போட்டு என்று ஒருத்தி சொல்லச் சொல்ல, வந்திருந்த பொம்பளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "நெய்யி ஒரு கிண்ணமாம்ல! அம்புட்டு நெய்யி இருந்தா கெழங்கு எதுக்கு, நெய்யவே குடிச்சிட்டுப் போறோம்" என்றாள் பழனியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். சிவனம்மாளும் சிரித்தாள். கொல்லைப்புறம் போய் நல்லுசாமியின் அரைஞாணைப் பார்த்தாள். சாவி அங்கேதான் தொங்கியது. கேட்கலாமா? இந்த அல்வா முடியட்டும்.

அல்வா முடிந்து வீணைக் கச்சேரி வந்தது. வீணை தன் பாட்டுக்கு மெல்ல மெல்லப் போனது. வந்தவர்களில் ஒருத்தி கண்ணசந்தாள். சிவனம்மாள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். மூக்காயியும் ஊர்ப் பொம்பளைகளும் ரேடியோ அறைப் படியில் இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒன் கொரலக் கேக்கத்தான்டி களையெடுப்ப விட்டுட்டு வந்துருக்கோம். எப்பப் போடுவான்?" என்று மூக்காயி கத்தினாள்.

"மெதுவாப் பேசுடி, பாதகத்தி!" என்று பல்லைக் கடித்துவிட்டு சிவனம்மாள் உள்ளே ஓடினாள். வீணை முடியட்டும்.

வீணை முடிந்து ஒரு சின்ன நாடகம். மாமியாரும் மருமகளும் சிக்கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மருமகள் சமர்த்து, மாமியார் முட்டாள். பழனியம்மாளுக்கு அது ரசிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எங்க இவர இன்னும் காணம்? நல்ல நேரம் போகுதே" என்றாள். உள்ளறையில் சேலை உடுத்தி உட்கார்ந்திருந்த சண்முகவள்ளி கதவிடுக்கு வழியாகத் தாயைப் பார்த்தாள். சிவனம்மாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன பொம்பளை, என் ஆசைக்காக இந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் குழாயில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேனே என்று நினைத்தாள்.

நினைத்து முடிப்பதற்குள் நாடகம் முடிந்தது. "அடுத்து கிராமியப் பாடல்" என்றது குழாய்.

கொல்லைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. "ஏலே நல்லு, சாவியக் குடு!"

"ஏங்கா, இப்பத்தேன் ஒம் பாட்டு வரப்போகுது. நீதான மன்றாடி மத்தியானம் தொறக்க வச்ச?"

"நாந்தேன் தொறக்க வச்சேன், நாந்தேன் மூடுறேன். குடுடா!"

அவன் முடிச்சை அவிழ்க்கும்வரை காத்திருக்கவில்லை. பிடித்து இழுத்த இழுப்பில் அரைஞாண் அறுந்து சாவி கையோடு வந்தது. கொல்லை வழியாகவே பாய்ந்து, மூக்காயி வீட்டு மாட்டுக்கொட்டத்தைத் தாண்டி, படியில் இருந்த பொம்பளைகளை மிதித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "மேட்டுக்களத்தைச் சேர்ந்த சிவனம்மாள் பாடுகிறார்" என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மிதிபட்டவர்கள் போட்ட கூச்சலில் அது கூடத்துக்குக் கேட்டிருக்காது. அவள் கை திருகில் போய் நின்றது.

ஒரு பொம்பளை குரல் எடுத்தாள். சும்மா ஒரு இழுப்பு, இன்னும் வார்த்தை வரவில்லை. யார் இவள், இப்படி அடிவயிற்றிலிருந்து எடுக்கிறாளே என்று சிவனம்மாள் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. உறைத்த அந்த நிமிஷமே திருகினாள். ரேடியோ அணைந்துபோனது.

வெளியே பொம்பளைகள் கூச்சல் போட்டார்கள். மூக்காயி, "அடி சண்டாளி, நாங்க கேக்கக்கூடாதா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. சிவனம்மாள் கதவைப் பூட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொல்லை வழியாகவே வந்து, வடைத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"ரேடியோ ஏன் நின்னுபோச்சு?" என்றாள் பழனியம்மாள்.

"கரண்டு போயிருக்கும் மதினி. வடை சாப்பிடுங்க."

தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பொன்னுத்துரை வரவில்லை. ஒரு பஸ் போனது, இன்னொரு பஸ்ஸும் போனது. பழனியம்மாள் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் அவர் வந்தார், அதுவும் நடந்து. கையில் சேலைப்பெட்டி. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"ஏங்க, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்று பழனியம்மாள் பதறிப்போனாள்.

பொன்னுத்துரை நார்க்கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஒண்ணுமில்ல. ரெட்டியார்சத்திரத்துல பஸ் மாறணும்ல, சௌகத் அலி கடையில ஒரு டீ குடிப்போம்னு நின்னேன். கடை ரேடியோவுல ஒரு பொம்பள ஒப்பாரி பாடுனா. அம்புட்டுத்தேன். காலு நகர மாட்டேன்னுருச்சு. கடைக்காரரு என்னமோ ஏதோன்னு பயந்து பெஞ்சில உக்கார வச்சாரு. பஸ் வந்தது போனது எதுவும் தெரியல."

பழனியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல காரியத்துக்குப் பொறப்பட்ட மனுசன் ஒப்பாரியக் கேட்டு அழுதுட்டா வாரீக? எவ அவ, நல்ல நாளும் அதுவுமா ரேடியோவுல ஒப்பாரி வச்சவ?"

"இந்த ஊருன்னுதேன் சொன்னாங்க. மேட்டுக்களம். பேரும் சொன்னாங்க, அதுக்குள்ள கடையில யாரோ டம்ளரக் கீழ போட்டு காதுல சரியா விழல." அவர் ஆண்டிச்சாமியைப் பார்த்தார். "யாரு மாப்ள அது?"

ஆண்டிச்சாமி மனைவியைப் பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. தெரியாது என்று தலையாட்டு என்று கண்ணாலேயே கெஞ்சினான். வாசலில் மூக்காயி நின்றாள், அவள்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு பொய் சொன்னால் போதும், தட்டு மாறிவிடும். ஆனால் நாளைக்கு வண்டிக்காரன் சொல்லுவான், நாளன்றைக்குச் சந்தையில் எவனாவது சொல்லுவான். மகள் வாழப்போன வீட்டில் பொய்க்காரி மகள் என்று தலை குனிந்து நிற்பாள்.

"நாந்தேண்ணே" என்றாள் சிவனம்மாள். "ஆனியில வந்து புடிச்சிட்டுப் போனாங்க. வீட்டுல பாடல, எல்லைக்கு வெளிய போய்த்தேன் பாடுனேன், தலையும் முழுகிட்டேன். இன்னைக்குன்னு பாத்துப் போடுவாங்கன்னு நெனைக்கல. எம் மகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கோவிக்கிறதா இருந்தா என்னையக் கோவிச்சுக்கங்க."

பழனியம்மாள் எழுந்தே விட்டாள். "வண்டியப் பூட்டச் சொல்லுங்க" என்றாள்.

"உக்காருடி" என்றார் பொன்னுத்துரை. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "எங்க ஆத்தா சாகும்போது நான் கண்டியில கடையில நின்னேன். தந்தி கெடைச்சு, கப்பலேறி, நான் வந்து சேர்றதுக்குள்ள கருமாதியே முடிஞ்சுபோச்சு. நீங்கள்லாம் அழுது முடிச்சு, வீட்டக் கழுவிவிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தீக. நான் யாருகிட்டப் போயி அழ? ஒரு ஒப்பாரிகூட எங் காதுல விழலையே! இன்னைக்குத்தேன் எங்க ஆத்தாளுக்கு அழுதேன். அழவச்ச மகராசி வீட்டுலயே பொண்ணு எடுக்கப்போறேன். இதவிட நல்ல சகுனம் எனக்கு வேணாம்."

பழனியம்மாள் நின்றபடியே புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் பழனியம்மாள் பழனியம்மாள்தானே?

"சரி. ஒப்பாரி கேட்டவுக தலை முழுகாமத் தட்டத் தொடக்கூடாது. கெணத்தடிக்குப் போங்க." பிறகு சிவனம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் ஊத்திக்கிட்டு வாங்க மதினி. அன்னைக்கு முழுகினது அன்னைக்கோட சரி."

அப்படித்தான் சண்முகவள்ளிக்குப் பரிசம் போட்டார்கள். ஒரு பக்கம் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாப்பிள்ளையின் தகப்பன், மறுபக்கம் ஈரக்கூந்தலோடு பெண்ணின் தாய். ஆண்டிச்சாமி தட்டை நீட்டினான். உள்ளேயிருந்து வந்து விழுந்து கும்பிட்ட சண்முகவள்ளி, எழுந்திருக்கும்போது தாயின் ஈரமுந்தானையை ஒரு தரம் பிடித்துவிட்டு விட்டாள்.

பொழுது மயங்குவதற்கு முன்னால் வண்டி கிளம்பியது. சிவனம்மாள் வழியனுப்ப எல்லைவரை கூடவே நடந்தாள். பொன்னுத்துரை வண்டியில் ஏறாமல் நடந்து வந்தார். புளியமரம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அண்ணே, எப்படி இருந்துச்சு?"

"எது?"

"பாட்டுத்தேன்."

"ஏன், நீ கேக்கலையா?"

"நாந்தேன் அமத்திட்டேனே."

பொன்னுத்துரை நின்றுவிட்டார். அவருக்குப் பாட வராது. துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பேச்சு மாதிரியும் இல்லாமல் பாட்டு மாதிரியும் இல்லாமல் சொன்னார்:

"வெள்ளி முளைக்குமுன்னே, என்னப் பெத்த ஆத்தா,
வெளிவாசல் கூட்டி வப்பே.
விடிஞ்சு வெகுநேரம், என்னப் பெத்த ஆத்தா,
வெளக்கமாறு தேடுதம்மா..."

"வார்த்தை எனக்கே தெரியும்ணே. கொரல் எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "கொரலு ஞாபகம் இல்லத்தா. எங்க ஆத்தா வாசல் கூட்டுற சத்தம் கேட்டுச்சு."

சிவனம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லைக்கு வெளியேதானே நிற்கிறோம் என்று அழுதாள். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னதே போதும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் போதவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நல்லுசாமி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் அறுந்த அரைஞாணை முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்து திறந்தான்.

"ஏலே நல்லு," என்றாள், "ஒரு தடவ போட்ட பாட்ட மறுக்கா எப்பலே போடுவாங்க?"